‘ஒன் மோர்’ கேட்ட மனிதர்: படம் எடுக்க வரும் பிள்ளைகளுக்கு

படம் எடுக்க வேண்டும் என்று வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, யாருடைய படங்களைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொள்வது என்பதுதான். ஹிட்ச்காக், குப்ரிக் போன்ற பெயர்களை அவர்களே கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். நான் வில்லியம் வைலர் என்று சொல்வேன். பல பேருக்கு அந்தப் பெயர் புதிது. ‘ரோமன் ஹாலிடே’ பார்த்திருப்பார்கள், ‘பென்-ஹர்’ தேரோட்டம் பார்த்திருப்பார்கள். இரண்டும் ஒரே ஆள் எடுத்தவை என்பது தெரிந்திருக்காது. சிறந்த இயக்குநர் ஆஸ்கருக்கு 12 முறை பரிந்துரைக்கப்பட்டு மூன்று முறை வென்றவர் அவர். அப்படிப்பட்டவரின் பெயர் ஏன் மங்கிப்போனது என்று யோசித்தால் இந்தத் தொழிலைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். இளையவர்களிடம் நான் சொல்லிவருவதையெல்லாம் வரிசை போட்டு இங்கே எழுதுகிறேன்.

1. எந்தக் கதவு திறக்கிறதோ அதன் வழியே உள்ளே போய்விடுங்கள். கூச்சம் வேண்டாம். வைலர் 1902 ஜூலை 1 அன்று அல்சாஸ் பகுதியிலுள்ள மியூலூஸ் நகரில் பிறந்தார். அன்று அது ஜெர்மனி, முதல் உலகப்போருக்குப் பின் பிரான்ஸ். அப்பா துணிமணிக் கடை வைத்திருந்தார். அம்மா பிள்ளைகளை நாடகத்துக்கும் இசை நாடகத்துக்கும் அழைத்துப்போனவர். அந்த அம்மாவின் உறவினர்தான் யுனிவர்சல் ஸ்டுடியோவின் முதலாளி கார்ல் லெம்லி. சொந்தக்காரர்களுக்கெல்லாம் வேலை கொடுத்துப் பெயர் வாங்கிய மனிதர். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் வைலர் அமெரிக்கா போனார். நியூயார்க் அலுவலகத்தில் எடுபிடி, பிறகு ஹாலிவுட்டில் தளம் பெருக்குவது, சாமான் தூக்குவது, அப்புறம் உதவி இயக்குநர் என்று ஏறி, 1925-ல் இயக்குநர் ஆனார். கிடைத்தவை இரண்டு ரீல் கௌபாய் படங்கள். சில நாட்களில் ஒரு படத்தை முடித்தாக வேண்டும். கதை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு ஆளைக் குதிரையில் ஏற்றவும் இறக்கவும் இன்னும் என்ன வழி இருக்கிறது என்று ராத்திரியெல்லாம் படுத்துக்கொண்டு யோசித்ததாகப் பின்னாளில் சொன்னார். சிபாரிசில் உள்ளே வந்தவர்கள் அந்த ஸ்டுடியோவில் ஏராளம். குதிரையைப் பற்றி ராத்திரியில் யோசித்தவர் நிலைத்தார். உங்களுக்கு முதலில் கிடைப்பது ஒரு நிமிட விளம்பரமாகவோ யாரோ வீட்டுக் கல்யாண வீடியோவாகவோ இருக்கலாம். அதற்குள்ளும் அப்படி ஒரு குதிரை இருக்கிறது.

2. நன்றாக வரும்வரை விடாதீர்கள். ஹாலிவுட்டில் அவருக்கு ‘தொண்ணூறு டேக் வைலர்’ என்றே பட்டப்பெயர். ‘ஜெசபெல்’ (1938) படத்தில் பெட்டி டேவிஸ் குதிரையிலிருந்து இறங்கி, கையிலிருக்கும் சவுக்கால் பாவாடையின் பின்தொங்கலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைய வேண்டும். சில நொடி வேலை. அதை நாற்பது தடவைக்கு மேல் எடுத்தார் என்று சொல்வார்கள். டேவிஸ் கொதித்துப்போய், எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்று கேட்டார். எடுத்ததைப் போட்டுக் காட்டினார் வைலர். ஒவ்வொன்றும் வேறாக இருப்பதை டேவிஸே கண்டுகொண்டார். அந்தப் படத்துக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

இன்னொன்று சொல்கிறேன். ‘பென்-ஹர்’ படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது சார்ல்டன் ஹெஸ்டனிடம் போய், நீங்கள் இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும் என்றார். என்ன செய்யட்டும் என்று ஹெஸ்டன் கேட்க, அது தெரிந்தால் சொல்லிவிட மாட்டேனா என்று பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு இது பெரிய நேர்மையாகத் தெரிகிறது. நடிகர் வீட்டிலிருந்து தயார் செய்துகொண்டு வந்தது முதல் சில டேக்குகளில் தீர்ந்துபோகும். அடுத்தது எரிச்சல். அதுவும் தீர்ந்த பிறகு, நடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத இடத்தில் ஏதோ ஒன்று வரும். அது என்னவென்று முன்கூட்டிச் சொல்ல வைலருக்குத் தெரியாது. வந்ததும் கண்டுபிடிக்கத் தெரியும். அவருடைய படங்களில் நடித்து ஆஸ்கருக்குப் பரிந்துரை பெற்ற வேடங்கள் 36, வென்றவை 14. வேறெந்த இயக்குநருக்கும் இந்தக் கணக்கு இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ‘ஒன் மோர்’ சொல்ல யாராலும் முடியும். இருபத்தோராவது டேக்கில் வந்தது இருபதாவதில் வரவில்லை என்று தெரிகிற கண் உங்களுக்கு இருக்கிறதா? அது இல்லாமல் ஐம்பது டேக் எடுப்பவர் ஐம்பது பேருடைய பொழுதை வீணாக்குகிறார். கண் தேற ஒரு வழி இருக்கிறது. ‘ஓகே’ ஆன டேக்கை மட்டும் பார்க்காமல், வேண்டாமென்று ஒதுக்கியவற்றையும் எடிட்டிங் டேபிளில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

3. முதல் டேக்கே வந்துவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். ‘ரோமன் ஹாலிடே’யில் ‘சத்தியத்தின் வாய்’ என்னும் கல் முகம் வருமே, பொய் சொல்பவன் கையைக் கடித்துவிடும் என்பார்களே, அந்தக் காட்சி. கிரெகரி பெக் கையை உள்ளே விட்டு, சட்டைக் கைக்குள் மடக்கி மறைத்துக்கொண்டு, கை போய்விட்டதுபோல வெளியே இழுக்கிறார். இது வைலருக்கும் பெக்குக்கும் மட்டும் தெரியும். ஆட்ரி ஹெப்பர்னுக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண் போடும் கூச்சல் நிஜம். ஒரே டேக், முடிந்தது. தொண்ணூறு எடுத்தவரும் ஒன்றோடு நிறுத்தியவரும் அதே மனிதர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

ஆட்ரியைத் தேர்ந்தெடுத்த விதமும் இதே கணக்குத்தான். லண்டனில் அவருக்கு ஸ்கிரீன் டெஸ்ட் எடுக்கும்போது, ‘கட்’ சொன்ன பிறகும் காமிராவை நிறுத்த வேண்டாம் என்று வைலர் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். காட்சி முடிந்தது என்று நினைத்துச் சிரித்து, எழுந்து உட்கார்ந்து, பேசத் தொடங்கிய அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

4. லென்ஸைக் கதை சொல்ல வையுங்கள். இந்த ஒன்றுக்காகவே வைலரைப் பாடமாக வைக்கலாம் என்பேன். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டுடன் அவர் பல படங்கள் செய்தார். முன்னால் இருப்பவரும் தூரத்தில் இருப்பவரும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரியும்படி படம் பிடிப்பதில் டோலண்ட் மன்னன். ‘சிட்டிசன் கேன்’ ஒளிப்பதிவும் அவர்தான்.

‘த பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ (1946) படத்தில் ஒரு மதுக்கடைக் காட்சி. போரில் இரண்டு கைகளையும் இழந்து கொக்கிகளுடன் திரும்பிய ஹோமர் என்ற பையன் முன்னால் பியானோ வாசிக்கிறான். வாசிக்கக் கற்றுக்கொடுத்த மாமா பக்கத்தில் இருக்கிறார். அருகில் நின்று ரசிக்கிறார் ஆல், அவரும் போரிலிருந்து திரும்பியவர். கடையின் கோடியில், வாசலை ஒட்டிய டெலிபோன் பூத்துக்குள் ஃபிரெட் நிற்கிறான். ஆலின் மகளைக் காதலிப்பவன். ஆல் கண்டித்ததால், இனி சந்திக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லப் போன் செய்கிறான். படத்தின் பெரிய திருப்பம் அங்கே திரையின் மூலையில் ஒரு கட்டைவிரல் அளவு இடத்தில் நடக்கிறது. அவன் பேசுவது நமக்குக் கேட்காது. கேட்பதெல்லாம் பியானோ. ஆல் ஒரு கண்ணால் பியானோவையும் ஒரு கண்ணால் பூத்தையும் பார்க்கிறார், நாமும் அப்படியே பார்க்கிறோம். வேறொருவர் எடுத்திருந்தால் பூத்துக்குள் குளோசப் போட்டு, கண்ணீரைக் காட்டி, வயலினை ஏற்றியிருப்பார். வைலர் எங்கே பார்ப்பது என்பதை நம்மிடமே விட்டார். அதனால்தான் மனசு அந்த மூலைக்கே ஓடுகிறது.

இப்போது இதற்கு நேர்மாறான ஒன்று. ‘த லிட்டில் ஃபாக்சஸ்’ (1941), அதே டோலண்ட். கணவனுக்கு மாரடைப்பு வருகிறது. மருந்து மாடியில் இருக்கிறது. மனைவி ரெஜினா நாற்காலியை விட்டு அசையவில்லை. அவன் தட்டுத்தடுமாறி அவளுக்குப் பின்னால் போய்ப் படிக்கட்டில் ஏறப் பார்க்கிறான். காமிரா பெட்டி டேவிஸின் முகத்தைவிட்டு நகரவில்லை. பின்னால் படிக்கட்டு மங்கலாக இருக்கிறது, ஒரு உருவம் விழுவது மட்டும் தெரிகிறது. எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டத் தெரிந்த ஒளிப்பதிவாளரை வைத்துக்கொண்டு, காட்ட வேண்டியதை வேண்டுமென்றே கலங்கலாக்கினார். அவள் அவனைப் பார்க்க மறுக்கிறாள், ஆகவே நமக்கும் சரியாகத் தெரியக்கூடாது. இதில் நடைமுறைக் காரணமும் ஒன்று இருந்தது. கணவனாக நடித்த ஹெர்பர்ட் மார்ஷல் முதல் உலகப்போரில் ஒரு காலை இழந்தவர். படியில் ஏறுவது அவருக்குப் பதிலாக வந்த இன்னொருவர். கையிலிருக்கும் இடைஞ்சலைக் காட்சியின் பலமாக மாற்றினார். எல்லா ஷாட்டையும் ஒரே அழகில் எடுக்கத் துடிக்கும் ஒளிப்பதிவாளர் நண்பர்களுக்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.

5. பெட்டிக்குள் கனம் இருக்கட்டும். ‘தி ஏரெஸ்’ (1949) படத்தில் ஒலிவியா டி ஹாவிலண்ட், காதலனோடு ஓடிப்போகப் பெட்டியோடு காத்திருந்து, அவன் வராமல் ஏமாந்து, விடியும் வேளையில் மாடிப்படி ஏறுகிறார். எத்தனை டேக் எடுத்தும் வைலருக்குத் திருப்தியில்லை. பிறகுதான் பெட்டி காலி என்று தெரிந்தது. புத்தகங்களை அடைத்துக் கொடுத்தார்கள். கை இழுபட, தோள் சரிய, அந்தப் படிகளில் அவர் ஏறுவதைப் பாருங்கள். அந்தக் கனத்தை முகத்தில் மட்டும் கொண்டுவந்துவிட முடியாது. ‘பெஸ்ட் இயர்ஸ்’ படத்துக்கு உடை தைக்கவே விடவில்லை. நடிகர்கள் சாதாரணக் கடைகளில் வாங்கி, படப்பிடிப்புக்கு முன்பே போட்டுப் பழக வேண்டும் என்றார். அறைகளையும் வழக்கமான செட்டைவிடச் சிறிதாக, நிஜ வீட்டு அளவில் கட்டச் சொன்னார். உங்கள் படத்தில் கதாநாயகி குடத்தைத் தூக்கினால் அதில் தண்ணீர் இருக்கட்டும்.

6. நீங்கள் கண்ணால் கண்டதிலிருந்து எடுங்கள். 1942-ல் வந்த ‘மிஸஸ் மினிவர்’ ஒரு ஆங்கிலேயக் குடும்பம் போரைத் தாங்குவதைச் சொல்லிப் பெரிய வெற்றி பெற்றது. அதற்கு ஆஸ்கர் கொடுத்த இரவில் வைலர் அரங்கில் இல்லை. அமெரிக்க விமானப்படையோடு இங்கிலாந்தில் இருந்தார். விருதை அவர் மனைவி டாலி வாங்கிக்கொண்டார். குண்டுவீச்சு விமானங்களில் தானே ஏறிப் பறந்து ‘த மெம்ஃபிஸ் பெல்’ ஆவணப்படத்தை எடுத்தார். உடன் வேலை செய்த ஹெரால்டு டானன்பாம் படம் பிடிக்கப் போன விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதில் இறந்துபோனார். போரை நேரில் பார்த்த பிறகு, ‘மினிவர்’ அதன் மேல்தோலைத்தான் தொட்டிருக்கிறது என்று வைலருக்கே பட்டது. 1945-ல் இத்தாலியில் விமானத்தின் இரைச்சலில் அவருடைய காது போனது. ஒன்றில் கொஞ்சம் திரும்பியது, மற்றது திரும்பவேயில்லை. அதற்குப் பிறகு தளத்தில் காமிராவுக்கு அடியில் உட்கார்ந்து, ஒலியைப் பெருக்கித் தரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் நடிகர்களின் குரலைக் கேட்டார்.

அந்த மனிதர் திரும்பி வந்து எடுத்ததுதான் ‘பெஸ்ட் இயர்ஸ்’. ஊர் திரும்பும் மூன்று வீரர்களின் கதை. ஹோமராக நடித்த ஹெரால்டு ரஸ்ஸல் நடிகர் அல்ல. ராணுவத்தில் பயிற்சி கொடுக்கும்போது வெடித்த குண்டில் இரண்டு கைகளையும் நிஜமாகவே இழந்தவர். அவரை ஒரு ராணுவ ஆவணப்படத்தில் பார்த்துக் கண்டுபிடித்தார் வைலர். தயாரிப்பாளர் கோல்ட்வின் அவரை நடிப்புப் பயிற்சிக்கு அனுப்பியது தெரிந்ததும் வைலருக்குக் கடும் கோபம். எது வேண்டும் என்று அந்த மனிதரைத் தேடிப் பிடித்தாரோ அதைப் பயிற்சி துடைத்துவிடும் அல்லவா? அந்த ஒரே வேடத்துக்கு ரஸ்ஸலுக்கு இரண்டு ஆஸ்கர் கிடைத்தன.

ஆல் வீடு திரும்பும் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கதவைத் திறந்த பிள்ளைகளின் வாயைப் பொத்துகிறார். உள்ளே வேலையாக இருக்கும் மனைவி, வந்தது யார் என்று கேட்கிறாள். பதில் இல்லை. அந்தப் பதில் இல்லாததிலேயே அவளுக்குப் புரிந்துவிடுகிறது. நீண்ட நடைவழியின் ஒரு கோடியில் அவள் வந்து நிற்கிறாள், மறு கோடியில் அவர். வைலர் போரிலிருந்து வந்து டாலியைச் சந்தித்ததும் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலின் நீண்ட நடைவழியில்தான். அதே படத்தில் குண்டுவீச்சாளனாக இருந்த ஃபிரெட், உடைத்துப்போடக் காத்திருக்கும் விமானம் ஒன்றின் மூக்குப் பகுதியில் ஏறி உட்காருவான். காமிரா இன்ஜின் கழற்றிய பொந்துகளை ஒவ்வொன்றாகக் கடக்கும், இசை அவற்றை ஓட வைக்கும். அதில் பறந்தவர் எடுத்த காட்சி என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

7. சண்டை வரும், வரட்டும். ‘த லெட்டர்’ (1940) படத்தின் இறுதியில், நான் கொன்றவனைத்தான் இன்னும் காதலிக்கிறேன் என்று மனைவி கணவனிடமே சொல்ல வேண்டும். அதைக் கணவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்தப் பெண்ணாலும் முடியாது என்றார் டேவிஸ். பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார் வைலர். டேவிஸ் தளத்தை விட்டே வெளியேறினார். திரும்பி வந்து வைலர் சொன்னபடியே நடித்துக் கொடுத்தார், ஆனால் தான் சொன்னதே சரி என்று கடைசிவரை சாதித்தார். எனக்கு வைலர் கட்சி. அடுத்த ஆண்டு ‘லிட்டில் ஃபாக்சஸ்’ தகராறுக்குப் பின் இருவரும் சேர்ந்து படம் செய்யவில்லை. அது நஷ்டம்தான். இருந்தாலும் இருவருமே வேடத்துக்காகச் சண்டை போட்டார்கள். கேரவனுக்காகவும் போஸ்டரில் பெயர் வரும் இடத்துக்காகவும் போடும் சண்டையை இதோடு சேர்க்காதீர்கள்.

8. தளத்துக்கு வெளியிலும் முதுகெலும்பு வேண்டும். 1947-ல் கம்யூனிஸ்டுகளைத் தேடுகிறோம் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று ஹாலிவுட்டை விசாரித்தபோது, ஜான் ஹஸ்டன், ஃபிலிப் டன் ஆகியோரோடு சேர்ந்து அதை எதிர்த்து அமைப்பு தொடங்கினார் வைலர். ‘பெஸ்ட் இயர்ஸ்’ போன்ற படத்தை இனி இங்கே எடுக்கவே விடமாட்டார்கள் என்று வானொலியில் சொன்னார். அந்த விசாரணையைத் தொடர்ந்து வந்த, வேலை மறுக்கும் கறுப்புப் பட்டியல் எத்தனையோ எழுத்தாளர்களை விழுங்கியது. ‘ரோமன் ஹாலிடே’ கதையை எழுதிய டால்டன் டிரம்போ தன் பெயரைப் போட முடியாமல் நண்பர் பெயரில் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கான ஆஸ்கர் டிரம்போ பெயருக்கு வந்தது 1993-ல். அவர் இறந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுதியவர் பெயரைப் போடுங்கள் பிள்ளைகளே. உதவி இயக்குநர் சொன்ன வசனமாக இருந்தாலும் போடுங்கள்.

9. பிறர் நன்றாகச் செய்வதை அவர்களிடமே விடுங்கள். ‘பென்-ஹர்’ (1959) தேரோட்டத்தை எடுத்தவர்கள் ஆண்ட்ரூ மார்ட்டனும் யாகிமா கனட்டும். வைலர் அதில் தலையிடவில்லை. 1925-ல் இதே கதை மௌனப் படமாக வந்தபோது தேரோட்டக் கூட்டத்தைக் கட்டுப்படுத்திய ஏராளமான உதவியாளர்களில் அவரும் ஒருவர். ஆகவே அது என்ன மாதிரி வேலை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கவனமெல்லாம் வேறிடத்தில் இருந்தது. சங்கிலியில் பிணைத்து இழுத்துப்போகப்படும் பென்-ஹருக்குத் தண்ணீர் தரக்கூடாது என்கிறான் ரோமானியப் படைத்தலைவன். ஒருவர் குனிந்து தண்ணீர் தருகிறார். அது இயேசு. முகத்தைக் காட்டவில்லை, முதுகைத்தான் பார்க்கிறோம். தடுக்க வந்த படைத்தலைவன் அவரை ஏறிட்டுப் பார்க்கிறான், பேச்சு வரவில்லை, விலகிப் போகிறான், திரும்பி இன்னொரு முறை பார்க்கிறான். அந்தப் படம் வாங்கிய 11 ஆஸ்கர்களையும் தேரோட்டத்தின் கணக்கில் எழுதுகிறவர்கள் இந்தப் படைத்தலைவனின் முகத்தைத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

10. முத்திரை பதிக்க அவசரப்படாதீர்கள். கௌபாய், காதல், நீதிமன்றம், பைபிள், பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டின் முதல் படமான ‘ஃபன்னி கேர்ள்’ என்று எல்லாம் எடுத்தார் வைலர். எது எடுத்தாலும் ‘இது வைலர்’ என்று சட்டெனச் சொல்லும் அடையாளம் கிடையாது. ஆண்ட்ரூ சாரிஸ் என்ற அமெரிக்க விமர்சகர் 1968-ல் இயக்குநர்களைத் தரம் பிரித்தபோது, வெளியே தெரிகிற அளவுக்கு உள்ளே சரக்கு இல்லாதவர்கள் என்ற பிரிவில் இவரை வைத்தார். பெயர் மங்கியதற்கு அது பெரிய காரணம். பிரான்ஸில் ஆந்த்ரே பஸான் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, தன்னை ஒளித்துக்கொள்வதே இவருடைய பாணி என்று விரிவாக எழுதியிருந்தார். பஸான் சொன்னதே சரி என்பது என் முடிவு. பூத்தில் நிற்பவனைத் தெளிவாகவும் படிக்கட்டில் விழுபவனை மங்கலாகவும் காட்டியவருக்குப் பாணி இல்லை என்று எப்படிச் சொல்வது? அடையாளத்தைத் தேடி அலைந்தால் எல்லாக் கதைக்கும் ஒரே சட்டையைத்தான் மாட்டுவீர்கள்.

11. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள். ‘த லெட்டர்’ முதல் ஷாட்டிலிருந்து. சாமர்செட் மாம் கதை, நடப்பது மலாயாவில். நிலா வெளிச்சம். ரப்பர்த் தோட்டத்துப் பால்மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகப் பால் கிண்ணத்தில் விழுகிறது. காமிரா மெல்ல நகர்ந்து, கூரைக்கொட்டகையில் தூளி கட்டித் தூங்கும் தொழிலாளிகளைக் கடந்து பங்களாவின் பக்கம் போகிறது. துப்பாக்கிச் சத்தம். வெள்ளைக் கிளி படபடத்துப் பறக்கிறது. வெளியே தள்ளாடி வருபவனைத் தொடர்ந்து ஒரு பெண் வந்து, துப்பாக்கி காலியாகும்வரை சுடுகிறாள். இத்தனையும் கலிபோர்னியாவில் ஸ்டுடியோவுக்குள் எடுத்தது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள் என்பதால் அந்தக் கொட்டகையை நான் எப்போதும் கூர்ந்து பார்ப்பேன். துரைவீட்டுக் கொலைக்கு முன்னால் கொட்டகையில் தூங்குகிறவர்களைக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதை மதிக்கிறேன். படம் பிறகு அவர்களிடம் திரும்பிப் போவதில்லை, அது குறைதான். அந்தக் குறையைத் தீர்க்கும் படம் உங்களில் ஒருவர் எடுக்க வேண்டியது.

அடுத்து ‘லிட்டில் ஃபாக்சஸ்’, ‘பெஸ்ட் இயர்ஸ்’, ‘ஏரெஸ்’ என்று அதே வரிசையில் பாருங்கள். ‘பெஸ்ட் இயர்ஸ்’ ஏறக்குறைய மூன்று மணி நேரம், நடுவில் நிறுத்தாமல் பாருங்கள். ‘ரோமன் ஹாலிடே’ எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ‘பென்-ஹர்’ மட்டும் காத்திருக்கட்டும். அதன் சட்டகம் உயரத்தைப்போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு அகலம். கைப்பேசியில் அது ஒரு ரிப்பன் துண்டாகத்தான் தெரியும். எங்காவது திரைப்பட விழாவிலோ திரைப்படச் சங்கத்திலோ பெரிய திரையில் போடுகிறார்கள் என்று தெரிந்தால், வேலையை ஒத்திவைத்துவிட்டுப் போய் நடு வரிசையில் இடம் பிடியுங்கள்.